சுவரும் வாசலும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் தெருக்கூத்து ஒப்பனையைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஒப்பனையை விட்டுவிட்டு எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறீர்கள்: கலைக்கும் நம் அன்றாட வாழ்க்கைக்கும், ஓட்டுப் போட்டு ஆட்சியைத் தேர்ந்தெடுக்கிற நாட்டுக்கும் என்ன சம்பந்தம்? சில கேள்விகள் குடும்ப விஷயம் என்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வரி: 31 வருடம் அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியையாக இருந்தேன். பிறந்தது செய்யாறு பக்கம். அப்பா சுவர் எழுதுகிறவர்.

பருத்தி விலை விழுந்து கிடக்கிறது. படித்த பிள்ளைகளுக்கு வேலை இல்லை. இந்த நேரத்தில் கலை, ஓவியம் என்று பக்கத்தை நிரப்புவது நியாயமா? வயிறு நிறைந்தவர்கள் பேசுகிற பேச்சு அல்லவா இது?
விவசாயி, அருப்புக்கோட்டை

உங்கள் கோபம் நியாயமானது ஐயா. கடைசி வரியில் மட்டும்தான் எனக்கு மாற்றுக் கருத்து. எங்கள் வீட்டில் வயிறு நிறைந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். கிடைத்த சோறும் தூரிகையிலிருந்துதான் வந்தது.

தேர்தல் அறிவித்துவிட்டால் அப்பாவுக்கு ராத்தூக்கம் கிடையாது. கட்சிக்காரர்கள் முன்னாடியே போய்ச் சுவர் பிடித்து, ஓரத்தில் கட்சிப் பெயரைக் கிறுக்கி வைத்திருப்பார்கள். அப்பா பின்னால் போவார். தென்னை மட்டையால் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, புதுசாக இரண்டு கை அடித்து, அது காய்கிற வரைக்கும் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அப்புறம் நீலத்தில் தோய்த்த நூல். ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். நடுவில் இழுத்துச் சுண்டினால் 'டப்' என்று சுவரில் ஒரு கோடு விழும், அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி. எனக்கு அப்போது எட்டு வயசு. சாயப்பொடி சுவரில் பிடித்து நிற்பதற்காக வஜ்ஜிரப் பசை காய்ச்சுவார்கள். அந்த வாடை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது.

அவர் எழுத்திலிருந்து தொடங்க மாட்டார். முதலில் சின்னம். சூரியனோ இலையோ கதிர் அரிவாளோ, எந்தக் கட்சியாக இருந்தாலும் சின்னத்தை முடித்துவிட்டுத்தான் வேட்பாளர் பெயருக்கு வருவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "படிக்கத் தெரிஞ்சவன் எப்படியும் தெரிஞ்சுக்குவான். சின்னம் தப்பாப் போனா ஒரு கிழவியோட ஓட்டு தப்பாப் போயிடும்" என்றார். ஐந்தாவது வரைக்கும் படித்தவர்.

அவர் சொன்னதன் முழுக் கனமும் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. 1951-52இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100 பேரில் 18 பேர்தான். ஆனால் 21 வயது நிரம்பிய எல்லாருக்கும் ஓட்டு. எப்படிப் போடுவார்கள்? படம்தான் வழி. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, பெட்டியில் சின்னத்தை ஒட்டினார்கள். நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, ஆலமரம், குடிசை, கதிர் அரிவாள். எல்லாம் வயலிலும் வீட்டிலும் தினம் பார்க்கிற பொருட்கள். பிற்பாடு தேர்தல் ஆணையத்தில் எம்.எஸ். சேத்தி என்ற வரைவாளர் வருடக்கணக்காக உட்கார்ந்து இந்தச் சின்னங்களைப் பென்சிலால் வரைந்தார். 1992இல் ஓய்வு பெற்றார். அவர் கோடு போட்ட பொருட்களில் விரல் வைத்து எத்தனை கோடிப் பேர் ஆட்சியை மாற்றியிருப்பார்கள்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017இல் தமிழ்நாட்டு விவசாயிகள் அய்யாக்கண்ணு தலைமையில் டெல்லி ஜந்தர் மந்தரில் ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள். மண்டை ஓடுகளை ஏந்தினார்கள், எலியைப் பல்லில் கவ்வினார்கள், மண்ணில் சோறு போட்டுத் தின்றார்கள். கோரிக்கை மனு அவர்கள் கையில் முன்னாடியே இருந்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதால் தங்கள் உடம்பையே கூத்தாக ஆக்கிக் காட்டினார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது. வயிறு காய்ந்தவர்கள் கடைசியில் கையில் எடுத்தது கலையைத்தான் ஐயா.

குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப் பிரதியில் ஓவியங்கள் இருப்பதாகப் பாடத்தில் வருகிறது. சட்டப் புத்தகத்துக்கு ஓவியம் எதற்கு?
நாமக்கல்

நல்ல கேள்வி. தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டுத் தாண்டிப் போகாமல் நின்று கேட்டிருக்கிறீர்கள்.

மூலப் பிரதி அச்சுக் கோத்தது இல்லை. ஆங்கிலப் பிரதி முழுவதையும் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா கையால் எழுதினார். ஏறத்தாழ ஆறு மாத வேலை. கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் தன் பெயர் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். ஓவியப் பொறுப்பு சாந்திநிகேதனில் இருந்த நந்தலால் போஸிடம் போனது. அவரும் மாணவர்களும் சேர்ந்து செய்தார்கள். முகப்புரைப் பக்கத்தின் பூ வேலை பியோஹர் ராம்மனோகர் சின்ஹாவுடையது. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் ஒரு படம். நம் பக்கத்திலிருந்து நடராசரும் மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பமும் போயிருக்கின்றன. மதக் கலவரம் நடந்த நவகாளியில் நடந்துபோகும் காந்தி இருக்கிறார். இமயமலை, பாலைவனம், கடல் மூன்றும் கடைசிப் பகுதிகளில் வருகின்றன.

எதற்கு என்று கேட்டால், நான் 1938க்குப் போவேன். குஜராத்தில் ஹரிபுரா என்ற கிராமத்தில் காங்கிரஸ் மாநாடு. சுபாஷ் சந்திர போஸ் தலைவர். பந்தலுக்குப் படம் வேண்டும் என்று காந்தி நந்தலாலைக் கூப்பிட்டார். வந்து போகிற கிராமத்து ஜனங்கள் நடக்கிறபோதே பார்க்கும்படி இருக்க வேண்டும், உள்ளூரில் கிடைக்கிற பொருட்களால் ஆக வேண்டும். நந்தலால் மண் நிறங்களில், தடித்த கோட்டில், மத்தளம் அடிப்பவர், தச்சர், தையல்காரர், செருப்புத் தைப்பவர், மல்லர், சமையல்காரி என்று வரைந்து தள்ளினார். வாசல்களிலும் கூடாரங்களிலும் அவை தொங்கின. நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் அந்தத் தச்சரையும் சமையல்காரியையும் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

அதே கை 11 வருடம் கழித்துச் சட்டப் புத்தகத்துக்கு வந்தது. இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சாசனத்தின் பக்கங்களில் அரசர்களும் முனிவர்களும் தலைவர்களும்தான் நிறைய. ஹரிபுராவின் செருப்புத் தைப்பவரும் அங்கே ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்குகிற புத்தகம் அல்லவா?

டீச்சர், எங்கள் பள்ளி ஓவியப் போட்டியில் நான் சிக்குக் கோலம் போட்டேன். 'இது கோலம், ஓவியம் இல்லை' என்று எடுத்து வைத்துவிட்டார்கள். கோலம் ஓவியம் இல்லையா?
எட்டாம் வகுப்பு மாணவி, உடுமலைப்பேட்டை

ஓவியம்தான் கண்ணு. போட்டிக்கு ஏதாவது விதி இருந்திருக்கும், உங்கள் டீச்சர் மேல் கோபப்படாதே.

உன் கோலத்தை ஒருமுறை நினைத்துப் பார். முதலில் புள்ளி எண்ணினாய். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு ஒரே சீராக விழும்படி கையை ஓட்டினாய். கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் எல்லாவற்றையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். நடுவில் தப்பினால் தெருவே பார்க்கும். 31 வருடம் பாடம் நடத்திய எனக்கு இன்றைக்கும் 21 புள்ளிச் சிக்குக் கோலம் ஒரே மூச்சில் வராது. எங்கள் அம்மாவுக்கு வந்தது. பால்காரர் சைக்கிள் அதன் மேல் ஏறிப் போனதும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிடுவார். மறுநாள் வேறு கோலம்.

உனக்கு ஒரு செய்தி சொல்கிறேன். 2019 டிசம்பர் கடைசியில் சென்னை பெசன்ட் நகரில் சில பெண்கள், குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று வாசலில் கோலம் போட்டார்கள். போலீஸ் அவர்களைப் பிடித்துக்கொண்டு போய் அப்புறம் விட்டது. அதன் பிறகு பல ஊர்களில், பல வீடுகளின் முன்னால் அதே வாசகத்தோடு கோலங்கள் வந்தன. அந்தச் சட்டத்தைப் பற்றி உன் வீட்டிலேயே இரண்டு விதமான கருத்து இருக்கலாம், அது தனிப் பேச்சு. ஆனால் தேர்தல் வந்தால் மாவட்ட நிர்வாகமே 'தவறாமல் வாக்களிப்போம்' என்று கோலப் போட்டி வைக்கிறது, பார்த்திருப்பாய். ஓட்டுப் போடு என்று சொன்னதும் மாவுதான், இந்தச் சட்டம் வேண்டாம் என்று சொன்னதும் மாவுதான். தன் வாசலில் தானே எழுதிக்கொள்கிற இந்த உரிமையை நம் அம்மாக்கள் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை.

அந்தக் கோலத்தை நோட்டில் போட்டு எனக்கு அனுப்பு. எத்தனை புள்ளி என்றும் எழுது.

கல்லூரியில் பறை கற்றுக்கொள்கிறேன். கையில் எடுத்தாலே உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் எங்கள் ஆத்தா, 'உங்க தாத்தா அடிபட்டு மிதிபட்டு இதைக் கீழே வெச்சாரு, நீ எதுக்குத் திரும்ப எடுக்கிறே' என்று சாப்பிடாமல் இருக்கிறார். நான் செய்வது தப்பா?
கல்லூரி மாணவி, திண்டுக்கல்

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன் அம்மா. நான் பிறந்த தெரு வேறு. உங்கள் ஆத்தா பட்டதை நான் பட்டதில்லை. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும்.

ஆத்தா சொல்வது வீட்டுப் பிடிவாதம் மட்டும் இல்லை, அதற்கு வரலாறு இருக்கிறது. ஊரில் சாவு விழுந்தால் பறை அடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்து, கடலூர்ப் பக்கம் தலித் தலைவர் எல். இளையபெருமாள் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் 'இனி அடிக்க மாட்டோம்' என்று சொல்ல வைத்தார்கள். சொன்னவர்களுக்கு அடி விழுந்தது, வேலை போனது. உங்கள் தாத்தா கீழே வைத்தது அப்படிப்பட்ட பறையாகத்தான் இருக்கும். அவர் அன்றைக்கு மறுத்ததும் ஒரு பெரிய கலைச் செயல் என்றே நான் நினைக்கிறேன். மாட்டேன் என்று சொல்லும் உரிமை இல்லாதவன் கையில் பறை வெறும் ஊழியம்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆண்டு விழாவுக்குப் பறை வேண்டும் என்றார்கள். ஆசிரியர் ஒருவர் வகுப்புக்குள் வந்து, நேராக இரண்டு பையன்களைக் காட்டி, "இவனுங்களுக்குத்தான் வரும்" என்றார். ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். இன்னொருவன் எழுந்து, "எனக்கு வராது சார், நான் படம் வரையறேன்" என்றான். அவனுக்கு அப்போது 12 வயசு இருக்கும். நான் அந்த அறையில்தான் நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

நீங்கள் எடுத்திருப்பது அந்தப் பறை இல்லை. உங்களை யாரும் கைகாட்டி அழைக்கவில்லை, நீங்களே போய் எடுத்திருக்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே சக்தி கலைக்குழுவின் பெண்கள் பல வருடமாகப் பறையோடு மேடை ஏறுகிறார்கள். அவர்களைப் பார்த்த பிறகு, அதே ஊரில் ஒரு சிறுமி 'நானும் அடிக்கலாமா' என்று கேட்பாள். அந்தக் கேள்வியே உங்கள் ஆத்தா காலத்தில் சாத்தியம் இல்லை.

அவரைச் சம்மதிக்க வைக்கப் பேசாதீர்கள். கேளுங்கள். தோலைத் தீயில் எப்படிக் காய்ச்சினார்கள், புளியங்கொட்டைப் பசை எப்படி அரைத்தார்கள், தாத்தாவின் சுண்டுகுச்சி எந்த மரம், கடைசியாக அடித்தது யார் சாவுக்கு, எல்லாம் கேளுங்கள். அழுதால் அழட்டும். அதற்கப்புறமும் வேண்டாம் என்றால், அந்த வீட்டுக்குள் அடிக்காதீர்கள். கல்லூரியில் விடாதீர்கள்.

எங்கள் ஊர் திரௌபதியம்மன் கோயில் பாரதம் இந்த வருடத்தோடு நிற்கும் போலிருக்கிறது. கூத்துக்குப் பதிலாக ஆர்க்கெஸ்ட்ரா வைக்க இளைஞர்கள் கேட்கிறார்கள். ஊர்க் கூட்டத்தில் நான் என்ன பேசுவது?
உத்திரமேரூர் அருகில் ஒரு வாசகர்

'பாரம்பரியம்' என்று தொடங்காதீர்கள். பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். கூத்தில் ராஜாவுக்குக் கட்டியம் கூறிக்கொண்டே கேலியும் பேசுகிற கோமாளி, அந்தக் கட்டியங்காரனைப் பற்றிப் பேசுங்கள்.

எங்கள் ஊரில் நான் பார்த்த ஒரு ராத்திரி. துரியோதனன் கொலு. ஊர்த் தலைவர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கட்டியங்காரன் ராஜாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, "மகாராஜா, ஒங்க அரமணையில வெளக்கு ஜெகஜ்ஜோதியா எரியுது. எங்க காலனித் தெருவுல மூணு மாசமா கம்பம் மட்டும்தான் நிக்குது" என்றான். கூட்டம் ஒரு நொடி மூச்சை அடக்கியது. அப்புறம் ஒரே சிரிப்பு. தலைவரும் சிரித்தாக வேண்டியிருந்தது. விளக்கு மறுநாளே வந்துவிடவில்லை. ஆனால் அதை அவர் முகத்துக்கு நேரே, அத்தனை பேர் நடுவில், அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. ஆர்க்கெஸ்ட்ராவில் பாட்டு நன்றாக இருக்கும். உங்கள் தெருவைப் பற்றி யாராவது பேசுவார்களா?

நாடகத்தில் இப்படி ஒரு வாய் இருப்பது ஆள்கிறவர்களுக்கு எப்போதுமே தெரியும். வெள்ளைக்காரன் 1876இலேயே நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தான். சிவகாசியில் பிறந்த எஸ்.எஸ். விசுவநாததாஸ் வள்ளி திருமணத்தில் முருகன் வேஷம் கட்டிக்கொண்டு வெள்ளைக் கொக்கு பறக்கிறது என்று பாடுவார். கொக்கு யார் என்று தரை டிக்கெட்டில் இருந்தவருக்கும் தெரியும், ஓரத்தில் நின்ற போலீசுக்கும் தெரியும். எத்தனையோ முறை மேடையிலேயே கைது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில் பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் போனது.

வெள்ளைக்காரன் போன பிறகாவது மாறியதா என்றால், எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் ஊரைக் கலக்கிய 1954இல் நம் மாநிலத்துக்கென்றே இன்னொரு நாடகச் சட்டம் வந்தது. நாடகம் போடுவதற்கு முன்னால் எழுத்துப் பிரதியைப் போலீசிடம் கொடுத்து அனுமதிக்காகக் காத்திருக்கும் நிலை. பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி வழக்குப் போட்டு, 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது. சுதந்திரம் வந்து 66 வருடம் கழித்து!

ஆனால் ஒன்று. நான் சொன்ன அந்த ராத்திரியில் காலனி ஜனங்கள் கூத்துக் களத்துக்குத் தள்ளி, வரப்பு மேல் நின்றுதான் பார்த்தார்கள். அவர்கள் தெரு விளக்குக்காகப் பேசிய கூத்தில் அவர்களுக்கு உட்கார இடம் இல்லை. உங்கள் ஊரில் பாரதம் மறுபடி நடந்தால் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதையும் அதே கூட்டத்தில் பேசுங்கள். பெண் பிள்ளைகளையும் ஆட விடுங்கள். உங்களுக்குப் பக்கத்தில்தான், காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில், பெ. ராஜகோபால் 2002இல் தொடங்கிய குருகுலத்தில் சிறுமிகள் கிரீடம் கட்டிக் கர்ணனாகவும் துரியோதனனாகவும் ஆடக் கற்றார்கள். உங்கள் இளைஞர்களில் நாலு பேரை, அர்ச்சுனன் தவம் செய்ய ஏறுகிற உயரமான தபசு மரத்துக்குக் கீழே நிறுத்தி, அவன் பாடிக்கொண்டே ஏறுகிறபோது அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

நவீன ஓவியம் எனக்குப் புரிவதே இல்லை. புரியாததைக் கலை என்று ஏன் சொல்கிறார்கள்?
வங்கி ஊழியர், தஞ்சாவூர்

புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். படத்தின் முன்னால் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள், அது போதும். சென்னை போனால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும், பாத்திக் துணி வேலை செய்து விற்ற காசில் நிலம் வாங்கிக் குடியேறிய இடம். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்கள் ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும். படிக்கப் போனால் ஒரு எழுத்தும் பிடிபடாது. தினம் கட்டங்களிலும் எண்களிலும் வேலை பார்க்கிற உங்களுக்கு அது என்னைவிடச் சீக்கிரம் பிடித்துப்போகும்.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு. வாரம் ஒரு ஓவிய வகுப்பு, அதையும் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். மார்க் வருவதால் எனக்கும் சந்தோஷம்தான். நீங்கள் திட்டுவீர்கள் என்று தெரிந்தே கேட்கிறேன்.
பனியன் நிறுவன ஊழியர், திருப்பூர்

திட்டவில்லை. கணக்கும் வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

வகுப்பு நடுவில் ஸ்டூல் போட்டு ஒரு மூக்குச் செம்பு வைப்பேன். 40 பிள்ளைகள் சுற்றி உட்காருவார்கள். மாடல் டிராயிங் என்று லோயர், ஹையர் என்ற அரசு ஓவியத் தேர்வுகளில் வரும். அரை மணி கழித்துச் சண்டை ஆரம்பிக்கும். ஜன்னல் பக்கத்துப் பையன் மூக்கை வரைந்திருப்பான். கரும்பலகைப் பக்கத்துப் பெண் மூக்கே இல்லாத செம்பை வரைந்திருப்பாள். "டீச்சர், அவ தப்பா வரைஞ்சிருக்கா." நான் ஒன்றும் சொல்லாமல் இரண்டு பேரையும் இடம் மாறி உட்காரச் சொல்வேன். பையன் அவள் இடத்தில் உட்கார்ந்து செம்பைப் பார்ப்பான். கொஞ்ச நேரம் பேச்சு வராது. "ஆமா டீச்சர், இங்கேயிருந்து மூக்கு தெரியலை" என்பான்.

வருடா வருடம் இதே செம்பு, இதே சண்டை, இதே முகம். எனக்கு அலுத்ததே இல்லை. தான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிவது மட்டும்தான் உண்மை என்று நம்பி வளர்ந்த பிள்ளை, நாளைக்குக் கிராம சபையில் உட்கார்ந்து அடுத்த தெருக்காரர் சொல்வதை எப்படிக் கேட்பான்? இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுக் கற்றுக்கொடுக்க என்னால் முடிந்ததில்லை. செம்பு கற்றுக்கொடுத்தது.

குற்றம் கணக்கு ஆசிரியர் மேல் இல்லை. 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி போன்ற பாடங்களுக்காக 16,549 பேரைப் பகுதி நேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். அந்தச் சம்பளம் ஒரு பாடத்தை எந்த இடத்தில் வைக்கிறது என்று பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடுகிறது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடப்பது நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் திருவிழா வருடத்துக்கு ஒருமுறை. செம்பு வாரம் ஒருமுறை வேண்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்த வகுப்பைத் திரும்பக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் போதும், இன்னும் நாலு பேர் சேர்வார்கள்.

28 வருடமாகச் சென்னையில் ஆட்டோ ஓட்டுகிறேன். ஊரெல்லாம் தலைவர்கள் சிலை. கடற்கரையில் உழைப்பாளர் சிலை மட்டும் எனக்குப் பிடிக்கும், காரணம் சொல்லத் தெரியவில்லை. அதைப் பற்றி எழுதுங்களேன்.
திருவல்லிக்கேணி

எனக்கும் அதுதான் பிடிக்கும் தம்பி.

செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்திலிருந்து வந்து, 1850இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். 1959 ஜனவரியில் சிலையைத் திறந்தார்கள். அந்தக் கடற்கரையில்தான் 1923இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தினார். நான்கு பேர் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். இவ்வளவுதான் சிலை. சிற்பிக்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் அந்த ஓவியப் பள்ளியின் காவலாளி என்று சொல்வார்கள். வாசலில் நின்று அவருக்குத் தினமும் வணக்கம் வைத்தவர், கடற்கரையில் எல்லாரும் அண்ணாந்து பார்க்கும்படி நிற்கிறார்.

மற்ற சிலைகள் நம்மைப் பார்த்துக் கை நீட்டும், விரல் காட்டும். இந்த நால்வரும் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை, வேலை முடியவில்லை. பெயர்ப் பலகையில் அவர்கள் பெயர் இல்லை. அதனால் அந்த உருவத்தில் நம் வீட்டு ஆளை வைத்துப் பார்த்துவிட முடிகிறது. நான் முதல்முறை பார்த்தது ஆசிரியர் பயிற்சியின்போது. அப்பாவும் கூட வந்திருந்தார். அவர் முன்பக்கத்தில் நிற்கவே இல்லை. சுற்றிப் பின்னால் போய், குனிந்து தள்ளுகிறவரின் கெண்டைக்காலையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவன் நெசமாவே தள்ளுறாம்மா" என்றார். அப்புறம் தன் வேட்டியைக் கொஞ்சம் தூக்கித் தன் காலைப் பார்த்துக்கொண்டார். சாரத்தில் நின்று நின்று நரம்பு சுருண்ட கால்.

காலை வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் சவாரி இல்லாவிட்டால் ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்பக்கமாகப் போய்ப் பாருங்கள்.